எங்கே போயிருந்தாய், அம்மா?

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு சிறுமி உட்கார்ந்திருக்கிறாள்.

வயது இரண்டு ஆண்டு ஐந்து மாதம். கையில் ஒரு கரடிப் பொம்மை. பக்கத்தில் ஒரு பழைய கம்பளித் துண்டு. கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து அந்தத் துண்டு இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது. அதற்குப் "பாப்பா" என்று பெயரே வைத்திருக்கிறாள்.

அவள் கதறி அழவில்லை. அடம் பிடிக்கவில்லை. நர்சு வந்து பேசினால் பதில் சொல்கிறாள். சில வேளைகளில் சிரிக்கவும் செய்கிறாள்.

"சமர்த்துக் குழந்தை!" என்று யாரும் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் சற்று உற்றுப் பார்த்தால் வேறொன்று தெரியும். திடீரென்று அவள் முகம் கோணுகிறது. உதடு துடிக்கிறது. கண்ணில் நீர் கட்டுகிறது. மறுகணமே அதை அடக்கிக் கொள்கிறாள். "அம்மா வேண்டும்" என்கிறாள், மிக மெல்ல.

இது லண்டன் மாநகரில் எடுக்கப்பட்ட ஒரு படத்தில் வரும் காட்சி. படம் திரைக்கு வந்த ஆண்டு 1952. அது பேசாத படம். அதில் நடிகர்கள் இல்லை, கதாசிரியர் இல்லை. படம் பிடித்தவரோ அதற்கு முன் சினிமா காமிராவைக் கையால் தொட்டதில்லை!

ஆயினும் அந்தப் படம், ஆஸ்பத்திரிகளின் பூட்டிய கதவுகளைத் தாய்மாருக்காகத் தட்டியது. தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள பாசம் எப்படி உண்டாகிறது, அது அறுபட்டால் என்ன ஆகிறது என்று டாக்டர்களையே யோசிக்க வைத்தது.

பூட்டிய கதவு

அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஒரு குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தால், வாசலோடு தாயின் வேலை முடிந்தது.

1949-ல் லண்டனின் பெரிய ஆஸ்பத்திரிகளில் என்ன விதி இருந்தது தெரியுமா? கைஸ் ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும், பகல் 2 மணி முதல் 4 மணி வரை பெற்றோர் பார்க்கலாம். செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் முதல் ஒரு மாதம் பார்க்கவே முடியாது. மாலை 7 மணிக்கு மேல், பிள்ளை தூங்கும்போது தூர நின்று பார்த்துவிட்டுப் போகலாம்! இன்னோர் ஆஸ்பத்திரியில் 3 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க வேண்டும்.

இதில் யாரும் கொடியவர்கள் அல்ல. டாக்டர்கள் இரவு பகலாக உழைத்தார்கள். நர்சுகள் அன்பானவர்கள். விதிக்கு அவர்கள் இரண்டு காரணம் சொன்னார்கள்.

ஒன்று: வெளியார் வந்தால் நோய்க்கிருமிகளும் கூட வரும்.

இரண்டு: "தாய் வந்துபோனால் பிள்ளை அழுகிறது. வராமல் இருந்தால் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடுகிறது. பிறகு சமர்த்தாக இருக்கிறது."

இந்த இரண்டாவது காரணத்தில்தான் தவறு ஒளிந்திருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் ஒரு டாக்டர் அல்ல!

பாய்லர் பார்த்த மனிதர்

அவர் பெயர் ஜேம்ஸ் ராபர்ட்சன். ஸ்காட்லாந்தில் 1911-ல் ஒரு தொழிலாளியின் வீட்டில் பிறந்தவர். சிறு வயதிலேயே படிப்பை நிறுத்திவிட்டு, உருக்கு ஆலையில் வேலை செய்தவர்.

இரண்டாவது உலகப் போர் வந்தது. லண்டன்மீது குண்டு மழை பொழிந்தது. வீடிழந்த, பெற்றோரைப் பிரிந்த குழந்தைகளுக்காக ஹாம்ஸ்டெட் என்ற பகுதியில் ஒரு காப்பகம் நடந்தது. நடத்தியவர், புகழ்பெற்ற மனோதத்துவ மேதை சிக்மண்ட் பிராய்டின் மகள் அன்னா பிராய்டு.

அங்கே ராபர்ட்சனுக்குப் பாய்லரைப் பார்த்துக்கொள்வதும், பழுது பார்ப்பதும் வேலை. அவர் மனைவி ஜாய்ஸ் குழந்தைகளைக் கவனித்துக்கொண்டார்.

அன்னா பிராய்டு ஒரு விதி வைத்திருந்தார். சமையல் செய்கிறவரானாலும் சரி, பாய்லர் பார்க்கிறவரானாலும் சரி, குழந்தைகளிடம் எதைக் கண்டாலும் ஒரு சீட்டில் எழுதித் தர வேண்டும். இப்படி எழுதி எழுதியே ராபர்ட்சனுக்குக் குழந்தைகளைக் கவனிக்கும் கண் கிடைத்தது.

1948-ல் லண்டன் டாவிஸ்டாக் மனநல நிலையத்தில் டாக்டர் ஜான் பௌல்பி என்பவரிடம் அவர் வேலைக்குச் சேர்ந்தார். ஆஸ்பத்திரிகளுக்குப் போய், தாயைப் பிரிந்த குழந்தைகள் எப்படி இருக்கின்றன என்று பார்த்து எழுதுவதுதான் வேலை.

பார்த்தார். திடுக்கிட்டார்.

அழுகை ஏன் நின்றது?

சிறு குழந்தைகள் மூன்று கட்டங்களைக் கடப்பதை அவர் கண்டார்.

முதல் கட்டம், எதிர்ப்பு. குழந்தை கதறுகிறது. கட்டிலின் கம்பியைப் பிடித்து உலுக்குகிறது. காலடிச் சத்தம் கேட்டால் அம்மாதான் என்று வாசலைப் பார்க்கிறது.

இரண்டாவது கட்டம், நம்பிக்கை இழப்பு. அழுகை குறைகிறது. குழந்தை ஒடுங்கிக் கிடக்கிறது. விளையாட்டில் மனம் செல்வதில்லை.

மூன்றாவது கட்டத்தில் குழந்தை தேறிவிட்டது போலத் தோன்றும். சாப்பிடும், சிரிக்கும், எந்த நர்சு வந்தாலும் போகும். ஆனால் பெற்ற தாய் வந்து நிற்கும்போது யாரோ எவரோ என்று பார்க்கும்! பாசத்தை அது மூட்டை கட்டி வைத்துவிட்டது.

"அடங்கிவிட்டது" என்று டாக்டர்கள் மகிழ்ந்தது இரண்டாவது, மூன்றாவது கட்டங்களைக் கண்டுதான். அழுகை நின்றதற்குக் காரணம் ஆறுதல் அல்ல. அழுது பயனில்லை என்று அந்தப் பிஞ்சு மனம் தெரிந்துகொண்டதுதான்!

ராபர்ட்சன் இதை எடுத்துச் சொன்னார். யாரும் நம்பவில்லை. "எங்கள் வார்டில் அப்படி இல்லை" என்றார்கள்.

சொன்னால் நம்ப மாட்டார்கள். காட்டினால் நம்புவார்கள் என்று அவர் முடிவு செய்தார். ஒரு சினிமா காமிராவை வாங்கினார்.

குண்டூசி தேர்ந்தெடுத்த குழந்தை

எந்தக் குழந்தையைப் படம் பிடிப்பது? "வேண்டுமென்றே அழுமூஞ்சியாகப் பார்த்துப் பிடித்தார்" என்ற பேச்சு வரக்கூடாது. ஆஸ்பத்திரியில் சேர இருந்த குழந்தைகளின் பட்டியலை எடுத்து, பார்க்காமல் ஒரு குண்டூசியைக் குத்தினார்கள். ஊசி விழுந்த பெயருக்கு உரியவள்தான் அந்தச் சிறுமி. படத்தில் அவள் பெயர் லாரா.

தினமும் குறித்த நேரத்தில் படம் பிடிக்கப்பட்டது. நேரத்தை மறைக்க முடியாதபடி சுவர்க் கடிகாரமும் படத்தில் விழுந்தது.

லாராவுக்குத் தொப்புளில் ஒரு சிறிய ஆபரேஷன். மொத்தம் 8 நாள்.

அவள் அழுமூஞ்சி அல்ல. அந்த வயதில் அத்தனை அடக்கத்தைக் காண்பது அரிது. அதனாலேயே படம் நெஞ்சைப் பிழிகிறது. அடக்கி அடக்கி அவள் படும் பாட்டைக் காமிரா பிடித்துவிட்டது.

எட்டாவது நாள் வீட்டுக்குப் புறப்படுகிறாள். தன் சாமான்களையெல்லாம் தானே எடுத்துக்கொள்கிறாள். அம்மா கை நீட்டுகிறாள்.

லாரா அந்தக் கையைப் பிடிக்கவில்லை!

படம் முடிகிறது.

1952 நவம்பரில் ராயல் மருத்துவச் சங்கத்தில் சுமார் 300 பேர் முன்னிலையில் படம் திரையிடப்பட்டது. விளக்கு எரிந்ததும் கோபம் வெடித்தது. குழந்தை மருத்துவத் துறையையே ராபர்ட்சன் அவமதித்துவிட்டார் என்றார்கள். படத்தைத் திரும்பப் பெறவேண்டும் என்றும் குரல் எழுந்தது.

கோபப்பட்டவர்களில் ஒருவர் டெர்மாட் மெக்கார்த்தி என்ற குழந்தை டாக்டர். ஆனால் தம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வார்டுக்குள் நுழைந்ததும், படத்தில் கண்டதை அங்கேயும் கண்டார். அதுவரை கண்ணில் படாதது இப்போது பட்டது! விரைவில் ஆமர்ஷம் என்ற ஊரில் தம் வார்டைத் தாய்மாருக்குத் திறந்துவிட்டார்.

பாலா, பாசமா?

விவரம் தெரிந்தவர்கள் இத்தனை காலம் இதை எப்படிக் காணாமல் இருந்தார்கள்?

அன்றைய மனோதத்துவம் வேறு பாடம் படித்திருந்தது. பால் கொடுப்பதால்தான் குழந்தை தாயை நாடுகிறது. வயிறு நிறைந்தால் மனமும் நிறையும் என்பது அந்தப் பாடம். அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ஜான் வாட்சன் 1928-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு படி மேலே போனார். பிள்ளைகளைக் கட்டி அணைக்காதீர்கள், மடியில் வைக்காதீர்கள், காலையில் கை குலுக்கினால் போதும் என்று தாய்மாருக்குப் புத்தி சொன்னார்!

பால்தான் பாசம் என்றால், பால் கொடுக்கும் நர்சு இருக்கும்போது தாய் எதற்கு?

இதைச் சோதித்துப் பார்த்தார் ஹாரி ஹார்லோ. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர். அவர் சோதித்தது ரீசஸ் குரங்குக் குட்டிகளை. வட இந்தியக் கோவில்களிலும் தெருக்களிலும் திரிகிற அதே செம்முகக் குரங்கு இனம்தான்.

குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, இரண்டு பொம்மைத் தாய்களை வைத்தார். ஒன்று வெறும் கம்பி வலை. மற்றொன்றுக்கு மெத்தென்ற துணி சுற்றியிருந்தது. சில குட்டிகளுக்குக் கம்பித் தாயிடம் மட்டுமே பால் புட்டி.

என்ன ஆயிற்று? பசித்தபோது குட்டி கம்பித் தாயிடம் போய்க் குடித்தது. குடித்ததும் துணித் தாயிடம் ஓடிவந்து ஒட்டிக்கொண்டது. நாளில் பெரும்பொழுது அங்கேதான்! கொட்டு அடிக்கும் இயந்திரப் பொம்மையைக் காட்டிப் பயமுறுத்தினால் பால் கொடுத்த தாயிடம் ஓடவில்லை. துணித் தாயைத்தான் கட்டிக்கொண்டது.

1958-ல் ஹார்லோ இதை வெளியிட்டார். பால் வேறு, பாசம் வேறு என்பது வெட்ட வெளிச்சமாயிற்று. ஆனால் அந்தக் குட்டிகள் அதற்குப் பெரும் விலை கொடுத்தன. உயிருள்ள துணை இன்றி வளர்ந்தவை பின்னால் தாயானபோது, தம் குட்டிகளைப் பேணத் தெரியாமல் விழித்தன. இன்று இத்தகைய சோதனையைக் கொடுமை என்றே பலரும் கருதுகிறார்கள்.

ஆயாவைப் பிரிந்த பிள்ளை

ராபர்ட்சனின் மேலதிகாரி டாக்டர் பௌல்பிக்கு இந்தப் பிரிவு சொந்த அனுபவம்.

அவர் 1907-ல் பெரிய இடத்தில் பிறந்தவர். தகப்பனார் அரச குடும்பத்துக்கு வைத்தியம் பார்த்த டாக்டர். அந்தக் காலத்துச் சீமான் வீட்டு வழக்கப்படி, பிள்ளை தாயைப் பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரம். வளர்த்ததெல்லாம் ஆயாதான். அவருக்குச் சுமார் நான்கு வயதானபோது அந்த ஆயா வேலையை விட்டுப் போய்விட்டாள். அந்த இழப்பை அவர் மறக்கவே இல்லை.

போருக்குப் பின் வீடற்ற குழந்தைகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் அவரிடம் அறிக்கை கேட்டது. 1951-ல் அறிக்கை வெளிவந்தது. சோறும் துணியும்போல, விட்டுப் போகாத ஓர் அன்பும் குழந்தையின் மனநலத்துக்கு அவசியம் என்று அதில் எழுதினார்.

ஏன் அவசியம்? பௌல்பி சொன்ன விளக்கம் எளியது. மனிதக் குஞ்சு பிறக்கும்போது நடக்க முடியாது, ஓட முடியாது. காட்டில் வாழ்ந்த காலத்தில் தனியே விடப்பட்டால் மிருகத்துக்கு இரை. ஆகவே காப்பவரை அருகில் நிறுத்திவைக்க இயற்கை அதற்குச் சில ஆயுதங்களைக் கொடுத்திருக்கிறது. அழுகை ஓர் ஆயுதம். சிரிப்பு ஓர் ஆயுதம். பற்றிக்கொள்வதும் பின்னாலேயே தவழ்ந்து வருவதும் ஆயுதங்கள்.

அழுகிற பிள்ளை பிடிவாதம் பிடிக்கவில்லை. உயிர் காக்கும் வேலையைச் செய்கிறது!

மாதம் ஒரு முடிச்சு

இந்தப் பாசக் கயிறு ஒரே நாளில் திரிவதல்ல.

பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைக்குத் தாயின் குரல் தெரியும். 1980-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சி இதைக் காட்டியது. ரப்பர்க் காம்பை ஒரு விதமாகச் சப்பினால் தாயின் குரல், வேறு விதமாகச் சப்பினால் அயலாள் குரல் கேட்கும்படி கருவி அமைத்தார்கள். தாயின் குரல் வரும்படியே குழந்தைகள் சப்பின!

இரண்டாம் மாத வாக்கில் முகம் பார்த்துச் சிரிக்கிறது. யாரைக் கண்டாலும் சிரிப்புத்தான். நாலைந்து மாதத்தில் தெரிந்த முகத்துக்குச் சிரிப்பு சீக்கிரம் வருகிறது. ஏழு, எட்டு மாதத்தில் புதிய ஆள் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. தாய் அறையை விட்டுப் போனால் அழுகிறது. "பிள்ளை கெட்டுப் போய்விட்டது" என்று வீட்டார் நினைப்பது அப்போதுதான். உண்மையில் கயிறு கெட்டியாகிவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

யாரோடு இந்த முடிச்சு விழுகிறது? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்து, 1964-ல் ஷாஃபர், எமர்சன் என்ற இருவர் முடிவை வெளியிட்டார்கள். ஊட்டிக் குளிப்பாட்டி விடுகிறவரிடமே முதல் பாசம் என்ற கணக்கு பல குழந்தைகளிடம் பொய்த்துப்போயிற்று. குரல் கொடுத்தால் பதில் கொடுப்பவர், கூட விளையாடுபவர் யாரோ அவரைத்தான் பிள்ளை பிடித்துக்கொண்டது. ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாய், தந்தை, பாட்டி, தாத்தா என்று ஒன்றுக்கு மேற்பட்ட சொந்தங்கள் விழுந்திருந்தன.

குழந்தையும் தெய்வமும் கொண்டாடும் இடத்திலே என்று சும்மாவா சொன்னார்கள்!

இங்கே பௌல்பியின் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் அவர் தாய் ஒருத்தியையே மிகவும் வற்புறுத்தினார். வேலைக்குப் போகும் பெண்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றச் சிலர் அதைப் பயன்படுத்தினார்கள். காலையில் போய் மாலையில் திரும்பும் தாய் வேறு. காணாமலே போய்விடும் தாய் வேறு. தெரிந்த கை ஒன்று பக்கத்தில் இருந்தால் பிள்ளை தாங்கிக்கொள்ளும்.

தூக்கினால் கெட்டுப்போகுமா?

பௌல்பியோடு வேலை செய்த மேரி ஐன்ஸ்வொர்த் அம்மையார் 1954-ல் ஆப்பிரிக்காவின் உகாண்டாவுக்குப் போனார். கம்பாலாவை அடுத்த கிராமங்களில் வீடு வீடாகப் போய் 28 குழந்தைகளைக் கவனித்தார். தவழும் குழந்தை தாயை விட்டு நகர்கிறது. எதையோ எடுத்துப் பார்க்கிறது. திரும்பி வந்து தாயைத் தொட்டுவிட்டு மறுபடி போகிறது. பாசம் பிள்ளையைக் கட்டிப்போடவில்லை. தைரியமாக வெளியே அனுப்பியது!

பிறகு அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் 26 குடும்பங்களை ஓராண்டு கவனித்தார். முதல் மாதங்களில் அழுதவுடன் கவனிக்கப்பட்ட குழந்தைகள், ஆண்டு முடிவில் அதிகம் அழவில்லை. குறைவாகவே அழுதன. "தூக்கித் தூக்கிக் கெடுக்காதே" என்ற புத்திமதிக்கு 1972-ல் கிடைத்த பதில் இது.

இதற்காக ஒரு தாய் நாள் முழுவதும் தவறே செய்யாமல் இருக்க வேண்டியதில்லை. சில வேளை தாமதமாகும். சில வேளை எதற்கு அழுகிறது என்றே புரியாது. அழைத்தால் யாரோ வருவார் என்ற நம்பிக்கை பிள்ளைக்கு இருந்தால் போதும்.

கதவு திறந்தது

1958-ல் ராபர்ட்சன் இன்னொரு படம் எடுத்தார். அதே போன்ற ஒரு சின்னஞ்சிறுமி. ஆனால் இம்முறை தாய் கூடவே ஆஸ்பத்திரியில் தங்குகிறாள். படம் பிடித்த இடம் டாக்டர் மெக்கார்த்தியின் வார்டு! இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

1959-ல் இங்கிலாந்து அரசு அமைத்த பிளாட் கமிட்டி அறிக்கை கொடுத்தது. பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையோடு தாய் தங்க இடம் தரவேண்டும் என்றது. ஆனால் காகிதத்தில் வந்தது வார்டுக்கு வரவில்லை. 1961-ல் ராபர்ட்சனின் படக் காட்சிகள் டெலிவிஷனில் வந்தன. அவற்றைக் கண்ட தாய்மார் சங்கம் அமைத்து, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, பல ஆண்டுகளில் கதவுகள் திறந்தன.

ஆனால் அந்தப் பாடம் எல்லா இடத்துக்கும் எட்டவில்லை. 1989-ல் ருமேனியாவில் சர்வாதிகாரி சௌசெஸ்கு வீழ்ந்தபோது, அரசு அனாதை விடுதிகளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். உள்ளே போனவர்களைத் திகைக்க வைத்தது அழுகை அல்ல. அமைதி! வரிசை வரிசையாகத் தொட்டில்கள். அழுதால் வர ஆளில்லை. ஆகவே அழுகையும் இல்லை.

2000-க்குப் பிறகு புகாரெஸ்ட் நகரில், ஆராய்ச்சியாளர்கள் விடுதிக் குழந்தைகள் 136 பேரை எடுத்துக்கொண்டார்கள். சீட்டுப் போட்டு, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். விடுதியில் நின்றவர்களைவிட அவர்கள் தேறினார்கள். இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். பெற்றவள்தான் வேண்டும் என்பதில்லை. தனக்கென்று ஒருவர் வேண்டும். அவர் சீக்கிரம் வரவேண்டும்.

ஆறு மாதம் கழித்து

லாரா என்ன ஆனாள்?

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி ஆறு மாதம் ஆயிற்று. பழையபடி ஓடி விளையாடினாள். எல்லாம் மறந்துவிட்டாள் என்றே வீட்டில் நினைத்தார்கள்.

ஒரு நாள் தற்செயலாக அந்தப் படத்தின் ஒரு பகுதியை அவளும் பார்க்க நேர்ந்தது. திரையில் அவளே! அதே கட்டில், அதே கரடிப் பொம்மை. லாராவின் முகம் சிவந்தது. தாயின் பக்கம் திரும்பினாள். கோபத்தோடு கேட்டாள்:

"இத்தனை நேரமும் நீ எங்கே போயிருந்தாய், அம்மா? எங்கே போயிருந்தாய்?"

வாய்விட்டு அழுதாள். ஆறுதலுக்குத் தாயிடம் போகவில்லை, தகப்பனாரிடம் போனாள்.

எட்டே எட்டு நாள். மூன்று வயது நிரம்பாத பிள்ளை. அந்த எட்டு நாளும் அவள் "சமர்த்தாக" இருந்தாள். அப்போது அழாத அழுகையை ஆறு மாதம் நெஞ்சிலே வைத்திருந்தாள்!

பிள்ளை அழுதால் தாய் பதறுகிறாள். அழுகிறவரை கவலையில்லை; யாராவது வருவார் என்று அது இன்னும் நம்புகிறது. அழவேண்டிய நேரத்திலும் ஒரு பிள்ளை வாய் திறக்காமல் கிடந்தால், அப்போதுதான் ஓடிப்போய்த் தூக்கிக்கொள்ள வேண்டும்.